கொரியாவில் இருவரைச் சேர்த்து உட்காரவைக்கும் பயிற்சி, நம் கடற்கரைப் பள்ளிகளுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். மண்டபம், திருப்புல்லாணி ஒன்றியங்களின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி, பட்டதாரி ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். அடுத்த கல்வியாண்டுக்கான ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் நேரம் இது. அதனால்தான் இந்தக் கடிதம். தென்கொரியாவின் அரசுப் பள்ளிகளுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அந்த நாடு எப்படிப் பயிற்றுவிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். அந்தப் பயிற்சியில் இருக்கும் ஒரு வழக்கம் எஸ்.பி.பட்டினம் முதல் நரிப்பையூர் வரை உள்ள நம் பள்ளிகளுக்கு வந்தால், எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் ஆங்கிலம் பேசுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் தம்பி கனடாவில் குடியேறியவன். அவன் மகன் அங்கேயே பிறந்து படித்தவன். இப்போது தென்கொரியாவின் தெற்குக் கரையில், தோங்யோங் என்ற துறைமுக ஊருக்குப் பக்கத்தில், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக இருக்கிறான். போன விடுமுறையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். பாம்பன் கரையில் நெத்திலி காய்வதைப் பார்த்துவிட்டு, "அத்தை, எங்க ஊர்லயும் இதேதான், ஆனா அங்க அவிச்சுட்டுக் காயவைப்பாங்க" என்றான். அங்கே நெத்திலியை உப்புத் தண்ணீரில் அவித்து உலர்த்தும் வழக்கம். சிப்பி வளர்ப்பும் பெரிய தொழில். பக்கத்தில் கோஜே என்ற பெரிய தீவு, பாலம் போட்டுக் கரையோடு இணைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் அப்பாமார் பலருக்குக் கடல் வேலை. வாரத்தில் சில நாள் ஒரு பள்ளி, மற்ற நாள் இன்னொரு பள்ளி என்று இவன் போய்வருகிறான். ஆங்கிலத்தில் பேச வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைகள்தான் அங்கேயும். அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். தன் பயிற்சிக் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அவன் ஊருக்குப் போகும்வரை அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் சேர்ந்திருக்கும் திட்டத்தின் பெயர் எபிக். 1995-ல் தொடங்கியது. கொரியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய சர்வதேசக் கல்வி நிறுவனம் அதை நடத்துகிறது. 1997-ல் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். இப்போது மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை, ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். அன்றைக்குத் திடீரென்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஆங்கிலம் நடத்தியாக வேண்டும் என்ற நிலை. அவர்களில் பலர் ஆங்கிலத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள், நம்மைப் போலவே. அவர்களுக்குத் துணையாகத்தான் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்கள் வரலாம். ஏதாவது ஒரு பட்டம் இருக்க வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்று சொந்த நாட்டு அரசிடம் சான்று வாங்கிவர வேண்டும். கல்வியியல் படிக்காதவர்கள் குறைந்தது 100 மணி நேரம் ஆங்கிலக் கற்பித்தல் படிப்பு முடித்திருக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருடம், வாரத்துக்கு 22 பாடவேளை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆள் சேர்ப்பார்கள், ஏனென்றால் அங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது, இரண்டாம் பருவம் ஆகஸ்டு கடைசியில்.

பயிற்சி கொரியாவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இணையம் வழியாக 15 மணி நேரப் பாடம். வந்து இறங்கியதும் நேராக ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்துப்போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்கவைக்கிறார்கள். அதில் கலந்துகொள்வது கட்டாயம். வகுப்பை நடத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது, கொரியப் பாடநூல் எப்படி அமைந்திருக்கிறது, கொஞ்சம் கொரிய மொழி, நாட்டின் வரலாறு, பள்ளியில் மூத்தவர்களுக்கு எப்படி வணக்கம் சொல்வது என்று காலையிலிருந்து மாலைவரை வகுப்புகள் உண்டு. பாடம் எடுப்பவர்களில் பலர் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஆசிரியர்கள். வெளிநாட்டவரும் இருக்கிறார்கள், கொரியரும் இருக்கிறார்கள். அப்புறம் அவரவர் மாகாணக் கல்வி அலுவலகம் தன் பங்குக்கு ஒரு அறிமுகப் பயிற்சி தரும். வருடத்தின் நடுவில் பட்டறைகளும் உண்டு.

இவற்றில் பாதி நம்மிடமும் இருக்கிறது. பயிற்சிக் கட்டகம் நம்மிடம் உண்டு, கருத்தாளர் உண்டு, புரொஜெக்டர் உண்டு, வருகைப் பதிவும் தேநீரும் உண்டு. நம்மிடம் இல்லாதவை இரண்டு.

ஒன்று, பயிற்சியின் கடைசியில் வரும் மாதிரிப் பாடம். புதிதாக வந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வகுப்பையும் ஒரு பாடத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். குழு சேர்ந்து பாடக்குறிப்பு எழுத வேண்டும். பிறகு மற்றவர்களைப் பிள்ளைகளாக உட்காரவைத்து நடத்திக் காட்ட வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே பார்ப்பார். என் தம்பி மகனின் குழுவுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு, நிறங்களின் பெயர்கள். இவர்கள் படம், பாட்டு, விளையாட்டு என்று அமர்க்களமாகத் தயாரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முடிந்ததும், பின்னால் உட்கார்ந்து பார்த்த அந்த ஆசிரியை இவனிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் விளையாட்டின் விதியைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். "எந்த மொழியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? அவர்களுக்குத்தான் இன்னும் அந்த மொழி தெரியாதே" என்றாராம். அதற்குப் பிறகு இவன் எந்த விளையாட்டையும் வாயால் விளக்குவதில்லை. ஒரு பிள்ளையை முன்னால் அழைத்து ஒருமுறை ஆடிக்காட்டிவிடுகிறான்.

இந்தக் கேள்வியை எனக்கு யாராவது வேலைக்குச் சேர்ந்த வருடமே கேட்டிருக்கக்கூடாதா என்று இருந்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வகுப்பில் நான் பாடம் நடத்துவதை முழுசாகப் பார்த்து, இந்த இடத்தில் பிள்ளைகள் உன்னை விட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னவர்கள் மிக அரிது. பதிவேடுகளைப் பார்த்தார்கள், நோட்டுத் திருத்தியிருக்கிறேனா என்று பார்த்தார்கள். மாநிலத்தில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வந்து மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டாரத்துக்கு, கடைசியில் எங்களுக்கு என்று இறங்கி இறங்கி வரும் முறையில், மேலே ஒருவர் நடத்திக் காட்டிய பாடம் கீழே வரும்போது திரையில் ஓடும் வாசகமாக மட்டும் வந்து சேர்ந்தது. கருத்தாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான், அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

விதிவிலக்கும் உண்டு. பெங்களூரில் 1963 முதல் இயங்கிவரும் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தில் நம் மாநில ஆசிரியர்களுக்கும் ஒரு மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் அங்கே போயிருக்கிறேன். ஒலிகளைச் சரியாகச் சொல்லக் கற்றதும், எங்களுக்குள் பாடம் நடத்திக் காட்டியதும் அங்கேதான். அதேபோல 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கரும்பலகையை விட்டு நகர்த்தி, பிள்ளைகளோடு தரையில் உட்காரவைத்தது. அதையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் பெங்களூரிலிருந்து உற்சாகமாகத் திரும்பிய நான் மறுபடி தனியாகத்தான் வகுப்புக்குள் போனேன். கற்றுவந்ததைச் சேர்ந்து செய்துபார்க்கப் பக்கத்து அறையில் ஆள் இல்லை.

இங்கேதான் அவர்களிடம் உள்ள இரண்டாவது விஷயம் வருகிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. கொரியப் பள்ளியில் அந்த வெளிநாட்டவர் உதவி ஆசிரியர் மட்டுமே. வகுப்புக்குப் பொறுப்பு கொரிய ஆசிரியர். இருவரும் ஒரே அறையில் ஒரே பாடத்தை நடத்த வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபமாக இருக்கிறது, நடைமுறையில் படாத பாடு என்கிறான். கொரிய ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பது உண்டு. வெளிநாட்டவரை டேப் ரிக்கார்டர் மாதிரி வாசகத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் உண்டு. இவன் சேர்ந்த முதல் பருவத்தில் இவனும் அவன் பள்ளி ஆசிரியையும் ஒருவரையொருவர் புண்படுத்திவிடுவோமோ என்று பயந்து எதையும் பேசிக்கொள்ளவில்லையாம். அந்தம்மாவுக்குத் தன் ஆங்கிலத்தில் பிழை வந்துவிடுமோ என்று தயக்கம். இவனுக்குப் பெரியவரைத் திருத்தலாமா என்று தயக்கம். நடுவில் பிள்ளைகள்.

அதைச் சரிசெய்தது ஒரு பட்டறை. மாகாணக் கல்வி அலுவலகம் இருவரையும் சேர்த்தே அழைத்திருக்கிறது. வெளிநாட்டவர் ஒரு மேசை, கொரியர் ஒரு மேசை என்று பிரிக்காமல் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, அடுத்த வாரம் நடத்தவேண்டிய பாடத்தையே எடுத்து அங்கேயே குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எந்த நிமிடத்தில் யார் பேசுவது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் எங்கே நிற்பது, பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் யார் போவது, எந்த இடத்தில் தாய்மொழியில் சொல்லிவிடுவது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எழுதும்போதுதான் அந்த ஆசிரியை முதல்முறையாக, "நீ ரொம்ப வேகமாகப் பேசுகிறாய், நாலாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை" என்று சொன்னாராம். இவனும், "நான் சொன்ன உடனே நீங்கள் கொரிய மொழியில் சொல்லிவிடுவதால் பிள்ளைகள் என்னைக் கவனிப்பதே இல்லை" என்று சொல்லியிருக்கிறான். இரண்டும் உண்மை. அன்றைக்கு அதைச் சொல்வதுதான் இருவருக்கும் வேலை என்பதால் யாருக்கும் வருத்தம் வரவில்லை. அதன் பிறகு மற்ற ஆசிரியர்கள் வந்து பார்க்கும் திறந்த வகுப்பும் நடத்தினார்கள். வெளிநாட்டவரை மட்டும் அழைத்து நடத்திய பட்டறைகளால் இந்த அளவுக்குப் பயன் இல்லை என்றும் அவன் சொன்னான். அதை நான் முழுக்க நம்புகிறேன்.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வருட ஒப்பந்தம் என்பதால் நன்றாகப் பழகிய ஆசிரியர் போய்விடுகிறார், பிள்ளைகள் மறுபடி புது முகத்தைப் பார்க்கிறார்கள். நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் பிடி எல்லோரின் கழுத்திலும் இருக்கிறது. அந்தத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மாலையில் தனியார் டியூஷன் நிலையங்களுக்குப் போய்விடுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்காக 2008-ல் தொடங்கிய டாக் என்ற இன்னொரு திட்டத்தைப் பிறகு நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டு ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் குறைத்த நகரங்களும் உண்டு. ஆக, வெளிநாட்டவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஆங்கிலம் வந்துவிடும் என்பது அங்கேயே நிரூபணமாகவில்லை. நம் மாவட்டத்துக்கு அப்படி ஆட்களைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. அதற்கான பணத்தை நம் பள்ளிகளுக்குச் செலவிட ஆயிரம் வழி இருக்கிறது. நான் கேட்பது அந்த ஜோடிப் பயிற்சியை.

நம் கடற்கரையில் ஆங்கில வகுப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் கேட்கிறேன் என்று புரியும். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் படகு கரைக்கு வரும்போது பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் இறால் பிரிக்கவும் கூடை தூக்கவும் நின்றுவிடுவார்கள். பள்ளிக்கு வரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். பாசி எடுக்கப் போகும் அம்மாமார்களின் பெண்பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படகைச் சிறைபிடித்தார்கள் என்ற செய்தி வந்தால் அந்தத் தெருவிலிருந்து யாருமே வரமாட்டார்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளும் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். பதில் தெரிந்த பிள்ளையும் தலையைக் குனிந்துகொள்ளும்.

இந்தப் பிள்ளைகளுக்கு மொழி வராது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சங்கு, பாசிமணி விற்கும் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். வடநாட்டு யாத்திரிகர்களிடம் இந்தியில் விலை பேசுவார்கள், வழி சொல்வார்கள். அதை யாரும் அவர்களுக்கு வகுப்பில் நடத்தவில்லை. படகுக்குப் போய்வந்த பையனுக்கு ஜிபிஎஸ் தெரியும், எக்கோ சவுண்டர் தெரியும், வயர்லெஸ்ஸில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ஒரு வருடம் வாடைக்காற்று அடிக்கும் பருவத்தில், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த சமயம், ஏழாம் வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டேன். ஒருவன் கடற்கரையில் நிற்கும் மீனவன், இன்னொருவன் துறைமுக அலுவலர். வாட் இஸ் த சிக்னல் டுடே, கேன் வி கோ டு ஸீ என்று கேள்வி பதில். கூண்டுகள் மொத்தம் பதினொன்று, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று என்னைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் ஆங்கிலம் வந்தது. அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து அலுவலராக நின்றான். எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் வகுப்பு அது.

ஆனால் அந்தப் பாடம் என்னோடு முடிந்துபோனது. பக்கத்துப் பள்ளி ஆசிரியைக்கு அது தெரியாது. அவர் மீன் சந்தையை வைத்தோ நாட்டுப்படகின் பாகங்களை வைத்தோ அதைவிட நல்ல பாடம் நடத்தியிருக்கக்கூடும். எனக்கும் அது தெரியாது. நாங்கள் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தை எழுதி, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கும் வாய்ப்பு அமைந்ததே இல்லை.

எனவே என் கோரிக்கை இதுதான். ஆங்கிலப் பயிற்சிக்கு ஆசிரியர்களைத் தனித்தனியாக அழைக்காமல் ஜோடியாக அழையுங்கள். ஐந்தாம் வகுப்பு நடத்தும் இடைநிலை ஆசிரியரும், அதே பிள்ளைகளை அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் வாங்கப்போகும் பட்டதாரி ஆசிரியரும் ஒரு ஜோடியாக இருக்கலாம். இந்த இருவரும் இன்றைக்குச் சந்தித்துக்கொள்வதே இல்லை, பிள்ளை மட்டும் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகிறது. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஜோடியாக வரட்டும். பள்ளிப் பார்வைக்கு வரும் நாளில் அவரும் சாக்பீஸைக் கையில் எடுக்கட்டும். ஆளுக்குப் பாதிப் பாடம் நடத்தட்டும். படிவம் நிரப்புவதைக் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியைக் கடற்கரையிலேயே வையுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் பரமக்குடிப் பக்கம் மஞ்சூரில் இருக்கிறது. அங்கேயுள்ள விரிவுரையாளர்கள் தொண்டிக்கோ மண்டபத்துக்கோ வலிநோக்கத்துக்கோ வந்து, ஒரு பள்ளியில் சில நாட்கள் தங்கி நடத்தினால், மாதிரிப் பாடத்துக்கு நிஜமான பிள்ளைகள் கிடைப்பார்கள். பெரியவர்களைப் பிள்ளைகளாக உட்காரவைப்பது கொரியாவில் வேறு வழியில்லாமல் செய்வது. வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்களுக்கு அவ்வளவுதான் முடியும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காலமும் நமக்குத் தோதாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கரை வேலை குறைவு. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் காலையில் இரண்டு மணி நேரம் வரச் சொன்னால் வருவார்கள், அப்பாவே கொண்டுவந்து விடுவார். விடுமுறையில் வரும் ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு கட்டாயம் கொடுக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் பஸ் மாறி மாறி வரும் ஆசிரியைகளுக்கு, தங்கும் இடமும் சுத்தமான கழிப்பறையும் உள்ள பள்ளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாததால்தான் பல பயிற்சிகள் மதியத்தோடு முடிந்துபோகின்றன.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. கொரியாவிலிருந்து யாரையாவது அழைத்து நம் ஆசிரியர்களோடு பேசவைக்கலாம் என்றால், அழைக்க வேண்டியது அந்த வகுப்பில் உடன் நின்ற கொரிய ஆசிரியரை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர், பிழை வந்துவிடுமோ என்று பயந்தவர், அந்தப் பயத்தோடே பாடம் நடத்தி மேலே வந்தவர். நம் ஆசிரியைகளுக்கு அவர் சொல்வதுதான் உறைக்கும். சென்னையில் 2006 முதல் இன்கோ மையம் என்ற இந்திய–கொரியப் பண்பாட்டு மையம் இயங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியத் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து சென்னையில் கொரியக் குடும்பங்களும் நிறைய. பள்ளிக் கல்வித் துறை கேட்டால் இணையம் வழியாக ஒரு மாலைப் பேச்சுக்காவது ஏற்பாடு செய்ய முடியும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில், கொரியப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக இந்தியர்கள் போவதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் தகுதிச் சான்று அதற்கு அவசியம். நம் மாவட்டத்தில் ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தொடர்கள் பார்த்தே கொரிய வார்த்தைகளைக் கற்றுவைத்திருக்கும் பெண்களும் உண்டு. இப்படி ஒரு வழி இருப்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் கல்வியியல் கல்லூரிகளும் இதைப் பற்றிய சரியான விவரத்தை, தற்போதைய விதிகளோடு, இடைத்தரகர் யாரும் நுழையாமல், மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வகுப்பில் பழகியவருக்கு அந்த நேர்காணலில் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

ராமநாதபுரத்தை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் 2018-ல் சேர்த்தார்கள். கல்வியும் அதில் ஒரு அளவுகோல். அதன் பெயரில் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும் திரைகளும் வருகின்றன, வரட்டும். அந்தத் திரையின் முன்னால் நிற்கும் இரண்டு ஆசிரியர்களுக்காகவும் ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்று முதன்மைக் கல்வி அலுவலரையும், மாவட்ட ஆட்சியரையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எல்லா ஒன்றியத்திலும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும் என்றில்லை. மண்டபம் ஒன்றியத்தில் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பள்ளிகளிலிருந்து ஜோடிகளை அழைக்கலாம். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இந்தத் தீவிலேயே பலர் இருக்கிறோம். பின்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத எங்களைக் கூப்பிட்டால் சம்பளமோ பயணப்படியோ கேட்காமல் வருவோம். என் தம்பி மகனின் பயிற்சிக் குறிப்புகளில் நம் வகுப்புக்குப் பொருந்தும் பகுதிகளைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்களுக்குக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை (ஆங்கிலம்),
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.